மீனியல் அறிஞர் பிரான்சிசு டே

முன்னுரை

பொன்னி நதி பாயும் சோழநாட்டை நெல்லின் நாடு என்றே நாம் பெரிதும் பேசி வருகிறோம். ஆயினும் மருதத்திணைப் பாடல்களில் தோய்ந்தவர்கள், அங்கே நெல்லுக்கு இணையாக மீனும் பேசப்படுவதை நன்கு அறிவர். வாளையும் வராலும் கயலும் கெண்டையும் துள்ளாத வயலை நம் புலவர்களின் பாட்டில் காண்பது அரிது. வாய்க்காலில் வரும் நீர் பயிரை வளர்க்கிறது. அந்த நீரே மீனையும் கொண்டு வருகிறது. நெல்லுக்காகக் கட்டப்பெற்ற அணைகள் மீனுக்கு என்ன செய்தன என்னும் வினாவுக்கு முதன்முதலாக முறையாக விடை தேடியவர் பிரான்சிசு டே என்னும் ஆங்கிலேய மருத்துவர் ஆவார். 1639-இல் சென்னை நகருக்கு வித்திட்ட வணிகரான பிரான்சிசு டே வேறு. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் தோன்றிய இவர் வேறு. இவருடைய வாழ்வையும் பணியையும் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் இந்திய வருகையும்

டே, 1829-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 2-ஆம் நாள் இங்கிலாந்தின் சசெக்சுப் பகுதியில் உள்ள மேரசுபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். இலண்டனில் புனித சார்ச்சு மருத்துவமனையில் மருத்துவம் பயின்றார். 1852-இல் சென்னைப் படைப்பிரிவில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். பர்மாவிலும் தென்னாட்டின் பல ஊர்களிலும் பணியாற்றிய பின்னர்க் கொச்சிக்கு அனுப்பப்பெற்றார். அந்நாட்டு வரலாற்றை நூலாக்கி 1863-இல் வெளியிட்டார். நோயாளிகளைக் கவனித்த நேரம் போக எஞ்சிய பொழுதைக் கடற்கரையிலும் மீன் சந்தையிலும் கழித்தார். அதன் பயனாக மலபார் மீன்கள் பற்றிய இவரது நூல் 1865-இல் வெளிவந்தது. மருத்துவராக வந்தவர் மீனியல் அறிஞராக மலர்ந்தது இவ்வாறுதான்.

கொள்ளிடத்தில் எழுந்த வினா

காவிரியின் நீர், தாழ்ந்த படுகையை உடைய கொள்ளிடத்தில் வீணாக இறங்கிவிடுவதைத் தடுக்க, ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் அணைக்கரையில் கீழணையும் எழுந்தது. தஞ்சைத் தரணியின் பாசனம் நிலைபெற்றது. வீராணம் ஏரிக்கு நீர் கிடைத்தது. உழவர் மகிழ்ந்தனர்.

ஆனால் இதே ஆற்றில் நெடுங்காலமாக வேறொரு பயணமும் நடைபெற்று வந்தது. தமிழில் உல்லம் என்றும், தெலுங்கில் பொலச என்றும், வங்காளத்தில் இலிசு என்றும் வழங்கப்பெறும் மீன் கடலில் வாழ்வது. வெள்ளம் பெருகும் காலத்தில் முட்டையிடுவதற்காக அது ஆற்றை எதிர்த்து மேலேறி வரும். குஞ்சுகள் வளர்ந்து கடலுக்குத் திரும்பும். கடலிலிருந்து கொள்ளிடம் வழியாக ஏறி வரும் உல்லத்திற்கு முதல் தடையாகக் குறுக்கே நின்றது கீழணையே.

இத்தடையால் கடல் மீன்வளம் குன்றக்கூடும் என்று 1867-இல் இந்தியாவுக்கான அமைச்சரின் கவனத்திற்குக் கொண்டு சென்றவர், வேறு எவருமல்லர், ஆர்தர் காட்டனே. தாம் வகுத்த அணைகளின் பயனை உலகமே போற்றும்போது, அவற்றால் விளையக்கூடிய கேட்டையும் எண்ணிப் பார்த்த அவர்தம் நேர்மை போற்றத்தக்கது. இது குறித்து ஆராயும் பொறுப்பு டேயிடம் ஒப்படைக்கப்பெற்றது.

டே கண்டவை

டே ஆற்றங்கரைகளுக்கு நேரில் சென்றார். மேலேறி வரும் மீன்கள் அணையைக் கடக்க இயலாமல் அதன் அடியில் கூட்டம் கூட்டமாகத் தேங்குவதையும், தேங்கிய மீன்கள் அங்கேயே பெருமளவில் பிடிபடுவதையும் அவர் எடுத்துக்காட்டினார். முட்டையிட வந்த தாய்மீன் முட்டையிடுவதற்கு முன்பே வலையில் வீழ்ந்தால், அடுத்த தலைமுறைக்கு மீன் எங்கிருந்து வரும்?

அணையோடு அவர் நின்றுவிடவில்லை. மாவட்ட ஆட்சியர்களுக்கும் தாசில்தார்களுக்கும் வினாக்களை அனுப்பி விடைகளைத் தொகுத்தார். மீன்வளம் கூடியதா குறைந்ததா, வலைக்கண் எவ்வளவு சிறியது, வயல்களிலும் வாய்க்கால்களிலும் பொறிகள் வைக்கப்படுகின்றனவா என்பன போன்றவை அவ்வினாக்கள். வயல் மடைகளில் வைக்கப்படும் மூங்கிற் பறிகளிலும் நெருங்கிய கண்ணுடைய வலைகளிலும் விரல் நீளக் குஞ்சுகள் அளவின்றி அழிவதை அவ்விடைகள் காட்டின. முன்னாளில் குத்தகை முறையால் ஓரளவு காக்கப்பெற்ற நீர்நிலைகள், கும்பினி ஆட்சியிலும் அதன் பின்னரும் எவரும் எவ்வாறும் மீன் பிடிக்கலாம் என்னும் நிலைக்கு வந்ததே சீரழிவுக்கு ஒரு காரணம் என்பது அவர் முடிவாயிற்று.

பரிந்துரைகளும் எதிர்ப்பும்

1871-இல் இந்திய மீன்வளத் தலைமை ஆய்வாளராக டே அமர்த்தப்பெற்றார். இந்தியா, பர்மா ஆகிய நாடுகளின் நன்னீர் மீன்வளம் பற்றிய அவரது விரிவான அறிக்கை 1873-இல் வெளிவந்தது. அணைகளில் மீன் செல்ல வழி அமைத்தல், வலைக்கண்ணுக்குக் கீழெல்லை வகுத்தல், நிலைப்பொறிகளைத் தடுத்தல், நீரில் நஞ்சு கலந்து மீன் பிடிப்பதை ஒழித்தல் ஆகியவை அவர் முன்வைத்த வழிகள்.

இவற்றை எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. மீன் எண்ணிலடங்காது பெருகுவது, அதற்குச் சட்டம் எதற்கு என்றனர் சிலர். மாலையில் வாய்க்காலில் ஒரு கை மீன் பிடித்துக் குழம்பு வைக்கும் ஏழையை அச்சட்டம் வருத்தும் என்றனர் வேறு சிலர். இரண்டாவது வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கது அன்று. ஆயினும் அந்த ஏழையின் குழம்புக்கு அடுத்த ஆண்டும் மீன் வேண்டும் என்பதே டேயின் கவலையாக இருந்தது. குஞ்சைக் காப்பது ஏழைக்கு எதிரானதாகத் தோன்றினும், உண்மையில் அவனுக்கே உரிய காப்பாகும். இவ்விரண்டையும் இசைவிப்பது எப்படி என்னும் சிக்கல் இன்றும் நம் ஏரிகளிலும் குளங்களிலும் தொடர்கிறது.

நூற்பணி

1877-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய டேயின் பெயரை என்றும் நிலைநிறுத்துவது, 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்த இந்திய மீன்கள் என்னும் பெருநூலாகும். ஏறத்தாழ 200 படத்தகடுகளைக் கொண்ட அந்நூல் இன்றும் மீனியலார்க்கு மூலநூலாக விளங்குகிறது. தமிழ்த்துறையினர் மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. மீன்களின் இலத்தீன் பெயர்களுடன், மீனவர் நாவில் வழங்கிய தமிழ்ப் பெயர்களையும் பிறமொழிப் பெயர்களையும் அவர் கேட்டறிந்து பதிவு செய்துள்ளார். அகராதிகளில் இடம்பெறாத மீன்பெயர்களைத் தேடுவோர்க்கு அந்நூல் ஒரு சொற்களஞ்சியமாகும்.

பிரித்தானிய இந்திய விலங்கினங்கள் என்னும் வரிசையில் 1,400-க்கும் மேற்பட்ட மீனினங்களை விளக்கும் அவருடைய இரு தொகுதிகள் 1889-இல் வெளிவந்தன. அதே ஆண்டு சூலைத் திங்கள் 10-ஆம் நாள், தம் அறுபதாம் அகவையில், செல்டன்காம் நகரில் டே மறைந்தார். அவர் திரட்டிய மீன்கள் கல்கத்தா, இலண்டன், சிட்னி முதலிய நகரங்களின் அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்பெற்று வருகின்றன.

பின் நிகழ்ந்தவை

டே மறைந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1897-இல் இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. வெடியும் நஞ்சும் இட்டு மீன் பிடிப்பது குற்றமாயிற்று. பொறிகளுக்கும் வலைக்கண்ணுக்கும் விதி செய்யும் உரிமை மாகாண அரசுகளுக்கு வழங்கப்பெற்றது. பின்னர்ப் பிரெடரிக் நிக்கல்சன் தலைமையில் சென்னை மாகாண மீன்வளப் பணி தொடங்கியபோது, உல்ல மீனின் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்கச் செய்யும் முயற்சி அதே கீழணையில் நடைபெற்றது.

ஆயினும் காலம் கடந்துவிட்டது. மேலைநாட்டுச் சாமன் மீன் தடையைத் தாவிக் கடக்கும். உல்லமோ தாவும் இயல்பினது அன்று. 1934-இல் மேட்டூர் அணை நிறைவுற்றுக் காவிரியின் இயற்கை வெள்ளம் கட்டுக்குள் வந்தபின், உல்லத்தின் வரவு அருகிப் போயிற்று. கங்கையில் 1975-இல் பராக்கா அணை இயங்கத் தொடங்கியபின் அதற்கு மேற்பட்ட பகுதிகளிலும் இதே நிலை ஏற்பட்டது.

முடிவுரை

அணைகள் இல்லையேல் தஞ்சையின் நெற்களஞ்சியம் இல்லை. டேயும் அணைகளை இடிக்கச் சொன்னாரல்லர். நீரைப் பங்கிடும்போது மீனையும் ஒரு பங்காளியாக எண்ணுக என்பதே அவர்தம் வாழ்நாள் உழைப்பு நமக்கு உணர்த்தும் கருத்து. உல்லத்தின் வழி அடைபட்டது. ஆனால் நம் குளங்களில் வராலும், ஆற்றில் வெண்கெண்டையும், ஏரியில் வாளையும் இன்னும் வாழ்கின்றன. மதகு அமைப்போரும், குளத்தைக் குத்தகைக்கு விடுவோரும், குத்தகை எடுப்போரும் அவற்றின் குஞ்சுகளுக்குச் சிறிது இடம் விட்டால், மருதப் பாடல்கள் காட்டும் வயல் ஏட்டோடு நின்றுவிடாது.