மின்வலு கண்ட விமலசுரேந்திரா

மருதானையிலே 1893ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரி இந்நாட்டுக்கு ஈந்த பொறியியலாளர் பலர். அவருள் முதல்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் டி. ஜே. விமலசுரேந்திரா அவர்கள். 1874ஆம் ஆண்டு காலியிற் பிறந்த இவர், ஆனந்தாக் கல்லூரியிலும் பின் மருதானையிலும் பயின்று, பொதுமராமத்துப் பகுதியிற் சேவையில் அமர்ந்தார். பொன் உண்டோவென ஆராயும் பணியின் நிமித்தம் மஸ்கெலி ஓயா, கெகெல்கமு ஓயாப் பள்ளத்தாக்குகளுக்குச் சென்றவர், பொன்னினும் சிறந்த செல்வத்தை அங்கு வீழும் நீரிலே கண்டார்.

1912இல் நுவரெலியாவுக்கு அண்மையில், பிளாக்பூலில், சிறு நீர்மின் நிலையமொன்றை நிறுவினார். 1918இல் பொறியியலாளர் சங்கத்தில் வாசித்த கட்டுரையில், நீர்வலுவை நாட்டின் நலனுக்குப் பயன்படுத்தும் வகையை விளக்கினார். 1931 முதல் 1935 வரை இரத்தினபுரிப் பிரதிநிதியாய் அரசாங்க சபையில் அமர்ந்தார். நெடுங்காலம் தடைப்பட்டுக் கிடந்த லக்சபானத் திட்டம் 1950 இறுதியிற் பயன்தந்தது. அதனைக் கண்ணாரக் கண்ட பின்னரே 1953இல் அவர் மறைந்தார்.

அவர் கனவு நனவானதோடு நமக்கொரு கடமையும் வந்து சேர்ந்தது. சிறு பொறியொன்றால் ஒளிபெறும் வீட்டிற் குறுஞ்சுற்று நேரின், பாயும் மின்னோட்டத்துக்கு அப்பொறியின் சிறுமையே எல்லையாகும். நாடளாவிய மின்வலை அவ்வாறன்று. அங்கே எல்லை வகுப்பவை பெரும்பாலும் நிலைமாற்றியும் கம்பியுமே. அவற்றின் தடை அரை ஓமாயின், 230 வோல்ற்றில் 460 அம்பியர் பாயும். நிலைமாற்றி அருகிலிருந்து, தடை 0.05 ஓமாகக் குறைந்தால் 4,600 அம்பியர், 0.03 ஓமாயின் 7,600க்கும் மேல்.

வீட்டுச் சுற்றுடைப்பானில் இரண்டு எண்கள் காணப்படும். 32 என்பது அது இடையறாது தாங்கும் அம்பியர். கட்டத்துள் உள்ள 6000 என்பது அது பாதுகாப்பாகத் துண்டிக்கவல்ல மிகப்பெரிய ஓட்டம். முன்னதை நோக்குவோர் பலர். பின்னதை நோக்குவோர் சிலரே. 7,600 அம்பியர் பாயக்கூடிய இடத்தில் 6000 எனப் பொறித்ததைத் தனியே பொருத்தினால், காக்க வேண்டிய கருவியே வெடித்துத் தீ மூட்டவுங் கூடும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மாடிமனைகளில், நிலைமாற்றி வாயிலருகே நிற்குமாயின், இதனை அளந்தறிந்த பின்னரே கருவியைத் தெரிதல் வேண்டும்.

நோட்டன்பிரிட்ஜில் 1965இல் இயங்கத் தொடங்கிய மின்நிலையம் அப்பெரியாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. வலுவின் அளவை முன்னரே கணக்கிட்டறிந்தவர் அவர். அவர் வழியிற் பொறியியல் பயிலப்புகும் நம் மாணவர், வலுவைப் பெருக்குவதோடு அதனை அடக்கும் அளவையும் கணக்கிடக் கற்பாராக.