காயமுற்ற வீரரின் கட்டிலருகே பாப்பரசர் 23ஆம் அருளப்பர்

நவம்பர் மாதம் மரித்த விசுவாசிகளுக்கென்று திருச்சபை ஒதுக்கி வைத்திருக்கும் மாதம். 2ஆந் திகதி சேமக்காலைகளில் மெழுகுதிரிகள் எரிகின்றன. இதே மாதத்தில்தான் உலகின் பல நாடுகள் போரில் மடிந்த தம் வீரர்களையும் நினைவுகூருகின்றன. 1918ஆம் ஆண்டு நவம்பர் 11ஆந் திகதி முதலாம் உலகப் போர் ஓய்ந்தமையால் பிரான்சிலும் பிரித்தானியாவிலும் அந்நாள் நினைவுநாளாயிற்று. இத்தாலியில் போர் ஒரு வாரம் முந்தியே முடிந்தது. அங்கே அது நவம்பர் 4ஆந் திகதி.

அந்த இத்தாலிய நாட்டிலே 2017ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஒரு வாதம் எழுந்தது. இத்தாலியத் தரைப்படையின் பாதுகாவலராகப் புனித பாப்பரசர் 23ஆம் அருளப்பர் அறிவிக்கப்பட்டார். சிலர் மகிழ்ந்தனர்; வேறு சிலர், அவர்களுள் ஆயர்களும் இருந்தனர், மனம் வருந்தினர். சமாதானத்தைப் பற்றித் திருமடல் எழுதிய ஒருவரைப் படைக்குப் பாதுகாவலராக்குவதா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால், எம் இல்லங்களில் படமாகத் தொங்கிய அந்தப் பருத்த உடலும் சிரித்த முகமும் கொண்ட பாப்பரசர், ஒரு காலத்தில் மூன்றரை ஆண்டுகள் படையுடை தரித்திருந்தவர் என்பதை எத்தனை பேர் அறிவர்?

ஆஞ்சலோ யோசேப்பு றொன்காலி 1881ஆம் ஆண்டு நவம்பர் 25ஆந் திகதி வட இத்தாலியின் பெர்கமோ நகருக்கு அண்மையிலுள்ள சொத்தோ இல் மொந்தே என்னும் கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் பிறருடைய காணியை வாரத்துக்குச் செய்த ஏழைக் கமக்காரர். வீடு நிறையப் பிள்ளைகள். பிறந்த அன்றே ஞானஸ்நானம் பெற்ற அந்தப் பிள்ளை, சிறு வயதிலேயே பெர்கமோ குருமடத்தில் சேர்ந்து, பின் உயர் படிப்புக்காக உரோமாபுரிக்கு அனுப்பப்பட்டார்.

அந்நாளைய இத்தாலிய அரசு குருமாணவரென்று எவரையும் படைச்சேவையிலிருந்து விலக்கிவிடவில்லை. 1901ஆம் ஆண்டின் முடிவில் அவர் புத்தகங்களை மூடி வைத்துவிட்டு பெர்கமோவிலிருந்த காலாட்படை முகாமுக்குப் போகவேண்டியதாயிற்று. ஓராண்டு அங்கே இருந்தார். முகாமின் பேச்சும் நடத்தையும் அந்த இளைஞரின் உள்ளத்தை மிகவும் புண்படுத்தின. இஸ்ராயேல் மக்கள் பாபிலோனில் இருந்த சிறைவாசத்துக்கு ஒப்பாகவே அவர் அவ்வாண்டைப் பின்னர் எண்ணினார். எனினும் கடமையில் குறை வைக்கவில்லை; சார்ஜன்ட் தரத்துடன் வெளியேறினார்.

1904ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆந் திகதி உரோமையில் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டிலிருந்து பெர்கமோ ஆயர் றடீனி-தெதெஸ்கி ஆண்டகையின் செயலாளராகப் பணியாற்றினார். இந்த ஆயரைத் தம் குருத்துவ வாழ்வின் வழிகாட்டியாகவே கொண்டிருந்தார் றொன்காலி அடிகள். 1914ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஐரோப்பா போர்த்தீயில் விழுந்தது. அம்மாதம் 20ஆந் திகதி பாப்பரசர் 10ஆம் பத்திநாதர் மறைந்தார். இரண்டு நாட்கள் கழித்துப் பெர்கமோ ஆயரும் இறந்தார். சமாதானம் என்ற சொல்லை முணுமுணுத்தபடியே அவருடைய உயிர் பிரிந்தது. கட்டிலருகே நின்ற செயலாளர் அதைக் காதாரக் கேட்டார்.

மறு ஆண்டு மே மாதம் இத்தாலியும் போரில் இறங்கியது. அழைப்பாணை வந்தது. குருமடத்தில் திருச்சபை வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்த 33 வயதுக் குருவானவர், அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு மருத்துவப் படையின் சார்ஜன்ட் ஆனார். அப்பொழுது மீசையும் வளர்த்துக்கொண்டார். அது ஒரு பலவீனமான வேளையில் செய்த காரியமென்று பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பார். அந்த மீசையோடு எடுத்த படம் இன்றும் இருக்கிறது. பார்த்தவுடன் அவரென்று அடையாளங் காண்பது கடினம்.

அவர் போர்முனைக்குப் போகவில்லை. போர்முனை அவரிடம் வந்தது. அல்ப்ஸ் மலைச்சாரல்களிலும் இசோன்சோ ஆற்றங்கரையிலும் குண்டுபட்டவர்கள் பின்னணியிலிருந்த நகரங்களுக்குக் கொண்டுவரப்பட்டனர். பெர்கமோ நகரம் ஆஸ்பத்திரிகளால் நிறைந்தது. ஓராண்டளவு சார்ஜன்ட்டாக அங்கே வேலைசெய்த பின்னர், 1916ஆம் ஆண்டில் லெப்டினன்ட் தரத்துடன் படைக் குருவானவராக நியமனம் பெற்றார். அதன்பின் கட்டிலுக்குக் கட்டில் போவதே வேலையாயிற்று. பாவசங்கீர்த்தனம் கேட்டார், நற்கருணை கொடுத்தார், அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

அந்தக் கட்டில்களில் கிடந்தவர்கள் யார்? பெரும்பாலும் அவரைப் போலவே கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள். தளபதிகளின் பெயர்களைச் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறது. மார்க்கே, அப்ருத்சி, கலாபிரியா போன்ற தொலைவான, ஏழ்மை மிக்க மாகாணங்களிலிருந்து வந்து, ஏன் சண்டை பிடிக்கிறோம் என்று சரியாகத் தெரியாமலே இறந்த அந்தப் பொடியன்களை எழுதவில்லை. றொன்காலி அடிகள் தமது நாட்குறிப்பில் எழுதினார். 1917ஆம் ஆண்டு மார்ச் மாதத்துக் குறிப்பொன்றில் 19 வயது வீரன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறார். அவனும் கமக்காரன்தான். நெஞ்சுச்சளிக் காய்ச்சலால் சாகக் கிடந்தான். கடவுளின் அருளோடு இருக்கும் இந்நேரத்திலே போய்விடுவது நல்லது, நெடுங்காலம் வாழ்ந்து பாவத்தில் விழுவதைவிட இதுவே தனக்கு விருப்பம் என்று அவன் குருவானவரிடம் சொன்னான். அவனுக்கு ஆறுதல் சொல்லப் போனவர் அவனிடம் பாடம் கற்றுத் திரும்பினார்.

போர் முடிந்து இரண்டாண்டுகளின் பின், 1920இல் பெர்கமோவில் நடந்த நற்கருணை மாநாட்டிலே, பெருந்திரளான மக்கள் முன்னிலையில் ஒன்றை வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஏழைப் பிள்ளைகளின் எளிய மரணங்களைக் கண்டபின், தம் அறைக்குத் திரும்பி முழந்தாளில் விழுந்து குழந்தையைப்போல் அழுத நாட்கள் பல என்றார். வெற்றிவிழாக்களும் நினைவுத்தூண்களுமாக நாடு இருந்த காலத்தில் ஒரு குருவானவர் இப்படிப் பேசினார் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

அவர் நாட்டுப்பற்று இல்லாதவர் அல்லர். சொந்தச் சகோதரர்களும் படையில் இருந்தனர். 1917ஆம் ஆண்டு ஒக்டோபரில் கபொரெத்தோவில் இத்தாலியப் படை சிதறியோடியபோது அவரும் ஏனையோரைப் போலவே கலங்கினார். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் பாப்பரசர் 15ஆம் ஆசீர்வாதப்பர், பயனற்ற இந்தப் படுகொலையை நிறுத்தும்படி போரிட்ட அரசுகள் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். எவரும் செவிகொடுக்கவில்லை, வீரரின் மனவுறுதியைப் பாப்பரசரே குலைத்துவிட்டார் என்று பழி சுமத்தியவர்களும் உண்டு. இத்தாலி மட்டும் இழந்த வீரர்கள் ஆறு இலட்சத்துக்கும் மேல். 1918 டிசம்பரில் றொன்காலி அடிகள் படைச்சேவையிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

அதன்பின் வந்த ஆண்டுகளை விரைவாகவே சொல்லிவிடலாம். 1925இல் ஆயரானார். பல்கேரியாவிலும், பின் துருக்கி, கிரேக்க நாடுகளிலும் பாப்பரசரின் பிரதிநிதியாக இருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது இஸ்தான்புல் நகரிலிருந்து யூத மக்கள் பலர் தப்பிச்செல்ல உதவினார். பட்டினியால் மடிந்த கிரேக்கருக்குத் தானியம் கிடைக்க முயன்றார். 1944ஆம் ஆண்டின் இறுதியில் பாரிஸ் நகருக்கு மாற்றப்பட்டார். அங்கேதான், எம் கருத்தின்படி, பெர்கமோவின் கட்டில்களருகே கற்றதை அவர் மறக்கவில்லை என்பது தெரிந்தது.

ஜேர்மனியர் பிரான்சை விட்டு ஓடியிருந்த காலம் அது. அவர்கள் பெயரைக் கேட்டாலே பிரெஞ்சு மக்களின் இரத்தம் கொதித்தது. கொதிக்கக் காரணமும் இருந்தது. சார்த்ர் நகருக்கு அருகே ஜேர்மனியக் கைதிகளின் முகாமொன்றில், முள்வேலிக்குள்ளே, கைதிகளாகப் பிடிபட்ட குருமாணவர்களுக்கென ஒரு குருமடம் 1945இல் தொடங்கப்பட்டது. இரண்டாண்டுகளில் ஏறக்குறைய ஆயிரம் பேர் அங்கே படித்தனர். நேற்றுவரை எதிரியின் சீருடை அணிந்திருந்தவர்கள். பாப்பரசரின் பிரதிநிதி அங்கே ஒருமுறையல்ல, பலமுறை போனார்; தம் கைகளாலே குருப்பட்டமும் கொடுத்தார்.

அக்குருமடத்தின் தலைவர் பிராங்ஸ் ஸ்டொக் என்னும் ஜேர்மனியக் குருவானவர். போர்க்காலத்தில் இவர் பாரிஸ் சிறைகளின் ஆன்ம குருவாக இருந்தவர். மோன் வலேரியன் குன்றிலே தம் நாட்டுப் படைகள் சுட்டுக்கொன்ற பிரெஞ்சு எதிர்ப்புவீரர் நூற்றுக்கணக்கானோருக்குக் கடைசி வேளையில் துணைநின்றார். அவர்களின் பெயர்களையும் புதைக்கப்பட்ட இடங்களையும் இரகசியமாகக் குறித்து வைத்துக் குடும்பத்தவருக்குத் தெரிவித்தார். பிள்ளை எங்கே புதைக்கப்பட்டான் என்று ஒரு தாய்க்குத் தெரிவதும் தெரியாமற் போவதும் எவ்வளவு பெரிய காரியம் என்பதை இந்நாட்டு வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

உழைப்பால் நொந்துபோன ஸ்டொக் அடிகள் 1948ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆந் திகதி பாரிஸில் இறந்தார். வயது 43. சட்டப்படி அவர் அப்பொழுதும் போர்க்கைதி. ஆகவே மரண அறிவித்தலைக்கூடப் பத்திரிகையில் போட முடியவில்லை. அடக்கச் சடங்குக்கு வந்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலருள் ஒருவராக வந்து, சவப்பெட்டியருகே இறுதி மன்றாட்டைச் சொன்னவர் றொன்காலி ஆண்டகை.

1953இல் கர்தினாலாகவும் வெனிஸ் நகரின் மறைமுதல்வராகவும் ஆனார். 1958ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆந் திகதி, 76 வயதில், பாப்பரசராகத் தெரிவுசெய்யப்பட்டு 23ஆம் அருளப்பர் என்னும் பெயரை ஏற்றார். வயோதிபர், சிலகாலம் இருந்துவிட்டுப் போவார் என்றே பலரும் எண்ணினர். அவர் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டியதை இங்கே நாம் விரித்துரைக்கத் தேவையில்லை. 1959ஆம் ஆண்டு யூன் மாதம் இத்தாலியப் படைக் குருக்கள் அவரைக் காண வந்தனர். அவர்களிடம் தம் ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றிப் பேசினார். காயப்பட்டவர்களின் முனகலிலேதான் மனிதர் எல்லாருக்கும் பொதுவான சமாதான ஏக்கத்தைத் தாம் கேட்டதாகச் சொன்னார்.

1962ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆந் திகதி சங்கம் தொடங்கியது. இரண்டு வாரங்களுக்குள் கியூபாவில் வைக்கப்பட்ட ஏவுகணைகளால் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அணுவாயுதப் போரின் விளிம்பில் நின்றன. தமக்கு வயிற்றில் புற்றுநோய் இருப்பதைப் பாப்பரசர் அப்பொழுதே அறிந்திருந்தார். 25ஆந் திகதி வத்திக்கான் வானொலியிலே பிரெஞ்சு மொழியில் பேசினார். மாசற்ற குழந்தைகளிலிருந்து முதியோர் வரை பூமியெங்கும் சமாதானத்துக்காக எழும் குரலுக்குச் செவிகொடுக்குமாறு ஆட்சியாளரை மன்றாடினார். மறுநாள் மொஸ்கோவின் பிராவ்தா பத்திரிகை அச்செய்தியை வெளியிட்டது. 28ஆந் திகதி ஏவுகணைகளை அகற்ற சோவியத் தலைவர் குருஷேவ் இணங்கினார்.

1963ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆந் திகதி, பெரிய வியாழனன்று, பூமியிலே சமாதானம் என்னும் திருமடல் வெளிவந்தது. கத்தோலிக்கருக்கு மட்டுமன்றி நல்மனமுள்ள மனிதர் அனைவருக்கும் அது எழுதப்பட்டிருந்தது. அணுவாயுதங்களின் இக்காலத்தில், மீறப்பட்ட உரிமைகளைப் போரினால் மீட்கலாமென்று எண்ணுவது புத்திக்கு ஒவ்வாதது என்று அதில் தெளிவாகவே கூறினார். படைவீரனை வெறுத்த ஒருவரின் எழுத்தாக அதைப் படிக்க எம்மால் முடியவில்லை. பெர்கமோவில் 19 வயதுப் பிள்ளையின் கண்களை மூடியவர் வேறெப்படி எழுதுவார்?

அத்திருமடல் வெளிவந்து இரண்டு மாதங்கள் முடியுமுன்னர், 1963 யூன் 3ஆந் திகதி மாலை, பாப்பரசர் 23ஆம் அருளப்பர் இறைவனடி சேர்ந்தார். அதே யூன் மாதத்தில் பிராங்ஸ் ஸ்டொக் அடிகளின் உடல் பாரிஸ் சேமக்காலையிலிருந்து எடுக்கப்பட்டு, சார்த்ர் நகரில் றெசேவ்ர் பகுதியிலுள்ள புனித ஸ்நாபக அருளப்பர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அந்த ஜேர்மனியர் இன்றும் பிரெஞ்சு மண்ணிலேயே துயில்கிறார்.