கப்பல் ஓட்டியவரின் கடைசிக் கணக்கு! ஜவுளிக்கடை பாக்கியையும் உயிலில் எழுதி வைத்த வ.உ.சி.

தூத்துக்குடி, நவ. 18-

வெள்ளைக்காரனை எதிர்த்து கடலில் கப்பல் விட்டவர். இரட்டை ஆயுள் தண்டனை வாங்கியவர். ஆனா அவரு சாகும்போது வீட்டில் மிச்சம் இருந்தது கடன்தான். அந்தக் கடனையும் யாருக்கு எவ்வளவுன்னு எழுதி வச்சிட்டுப் போனார் வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1936-ம் ஆண்டு நவம்பர் 18-ந்தேதி மறைந்த அவருக்கு இன்று நினைவு நாள்.

செக்கிழுத்த கதை எல்லாருக்கும் தெரியும். அவரது குடும்பம் பட்ட பாடு பலருக்குத் தெரியாது.

வக்கீல் வீட்டுப் பிள்ளை

ஒட்டப்பிடாரத்தில் 1872-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந்தேதி பிறந்தவர் வ.உ.சி. அப்பா உலகநாத பிள்ளை வக்கீல். அம்மா பரமாயி அம்மாள். வசதியான குடும்பம். வ.உ.சி.யும் திருச்சியில் சட்டம் படித்து, 1895-ல் சொந்த ஊரிலேயே வக்கீல் தொழிலை ஆரம்பித்தார். பிறகு தூத்துக்குடிக்கு வந்தார். ஏழைகளிடம் பீஸ் வாங்காமல் வழக்கு நடத்தியதால் நல்ல பெயர் கிடைத்தது.

முதல் மனைவி வள்ளியம்மை இளம் வயதிலேயே இறந்துவிட்டார். அதன்பின் மீனாட்சி அம்மாளை மணந்தார். பின்னால் வந்த கஷ்டம் அத்தனையையும் தோளில் சுமந்தவர் இந்த மீனாட்சி அம்மாள்தான்.

பங்கு ஒன்று 25 ரூபாய்

அந்தக் காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே கப்பல் ஓட்டியது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. அவங்க வச்சதுதான் கட்டணம். இதை உடைக்க 1906-ம் ஆண்டு அக்டோபர் 16-ந்தேதி சுதேசி கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார் வ.உ.சி.

மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் மொத்தம் 40 ஆயிரம் பங்கு. பாண்டித்துரை தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8 ஆயிரம் பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார்.

முதலில் வாடகைக் கப்பல்தான் ஓடியது. வெள்ளைக்கார கம்பெனி மிரட்டியதும் கப்பல் கொடுத்தவர்கள் பின்வாங்கி விட்டார்கள். வாடகைக் கப்பலை நம்பிப் பிரயோஜனம் இல்லை, சொந்தக் கப்பல் வேணும்னு வடநாட்டுக்குக் கிளம்பினார் வ.உ.சி. அப்போ வீட்டில் மகனுக்கு உடம்பு சரியில்லை. மனைவி கர்ப்பிணி. கடவுள் மேல் பாரத்தைப் போட்டுவிட்டுப் போனார் என்று இன்றும் சொல்வார்கள். 1907-ல் காலியா, லாவோ என இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

ஓசிப் பயணம், கூடவே குடை

போட்டி சூடு பிடித்தது. வெள்ளைக்கார கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசி கம்பெனி அரை ரூபாய் ஆக்கியது. உடனே அவர்கள் டிக்கெட்டே வேண்டாம், ஏறி வந்தால் குடையும் இலவசம் என்று இறங்கினார்கள். மக்கள் காசு போட்ட கம்பெனி எத்தனை நாள் தாங்கும்?

இதற்கிடையே 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னால் நின்றது வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். 9 நாளில் நிர்வாகம் பணிந்தது. அரசாங்கத்துக்கு இது பொறுக்கவில்லை. மார்ச் 12-ந்தேதி இருவரும் கைது. மறுநாள் நெல்லையில் கலவரம் வெடித்து, துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் செத்தார்கள்.

தம்பிக்கு பித்து

ஜூலை 7-ந்தேதி தீர்ப்பு. இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் 40 வருஷம். அப்போது வ.உ.சி.க்கு வயது 35.

சேதி கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்துக்கு சித்தம் கலங்கியது. கடைசி வரை தெளியவே இல்லை. சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு மீனாட்சி அம்மாள் மேல்முறையீட்டுக்கு அலைந்தார். அதனால்தான் தண்டனை குறைந்தது. அதற்குள் கோவை ஜெயிலில் மாட்டுக்குப் பதிலாக வ.உ.சி.யை செக்கில் பூட்டியிருந்தார்கள். அந்தச் செக்கு சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் வைக்கப்பட்டது.

1911-ல் கப்பல் கம்பெனியும் மூடப்பட்டது. காலியா கப்பல் போய்ச் சேர்ந்தது அதே போட்டிக் கம்பெனியிடம்!

மண்ணெண்ணெய் விற்றார்

1912 டிசம்பரில் கண்ணூர் ஜெயில் கதவு திறந்தது. வாசலில் மாலையோடு கூட்டம் இல்லை. சிறையில் தொழுநோய் வாங்கி வந்த சிவாதான் காத்திருந்தார்.

வக்கீல் சன்னதும் பறிபோய்விட்டது. சென்னைக்கு வந்து மளிகைக் கடை வைத்தார், மண்ணெண்ணெய் விற்றார். எதுவும் நிலைக்கவில்லை. புத்தகங்கள் எழுதியும், திருக்குறள் மணக்குடவர் உரை போன்ற பழைய நூல்களைப் பதிப்பித்தும் காலம் தள்ளினார். தென்ஆப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகச் சேர்த்துக் கொடுத்த பணம் காந்தி மூலமாக அவர் கைக்கு வந்தது 1916-ல். 347 ரூபாய் 12 அணா. அந்தத் தொகைக்காகப் பல மாதம் கடிதம் எழ வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு வீட்டில் கஷ்டம்.

பிறகு வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. கோவில்பட்டியில் தொழில் நடத்தினார். அந்த நன்றிக்காக ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்கார ஆட்சியைத்தான் எதிர்த்தாரே தவிர, வெள்ளைக்கார மனுஷனை அல்ல.

உயிலில் கடைப் பாக்கி

கடைசிக் காலத்தில் தூத்துக்குடிக்கே திரும்பினார். 1936-ல் எழுதிய உயிலில் பங்கு பிரிக்க பெரிசாக எதுவும் இல்லை. ஜவுளிக் கடைக்கு இவ்வளவு, எண்ணெய்க் கடைக்கு இவ்வளவு என்று தர வேண்டிய பாக்கிதான் இருந்தது. 10 லட்சம் மூலதனத்தில் கம்பெனி நடத்தியவர், சில்லறைக் கடனைக்கூட மறைக்காமல் எழுதினார். யார் காசும் தன் தலையில் நிற்கக்கூடாது என்பதுதான் அந்த வியாபாரியின் கணக்கு.

அவர் விருப்பப்படி தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில்தான் உயிர் பிரிந்தது. 2011-ல் தூத்துக்குடி துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர் சூட்டப்பட்டது. ஊருக்கு அவர் பட்ட கடன் அன்றே எழுதப்பட்டுவிட்டது. அவருக்கும், அவர் பின்னால் நின்ற மீனாட்சி அம்மாளுக்கும், சித்தம் கலங்கிய அந்தத் தம்பிக்கும் ஊர் பட்ட கடன்தான் பாக்கி நிற்கிறது.