ஆறு புள்ளிகளுக்கு ஏன் அத்தனை எதிர்ப்பு? லூயி பிரெய்லின் கதை

ஆண்ட்ராய்டு போனில் ‘டாக்பேக்’ என்ற வசதிக்குள் ஒரு பிரெய்ல் கீபோர்டு இருக்கிறது. அதைத் திறந்தால் நமக்குப் பழக்கமான எழுத்துக் கட்டங்கள் எதுவும் வராது. ஆறு புள்ளிகள் மட்டும்தான். போனைப் படுக்கவாட்டில் பிடித்து, இரண்டு கைகளிலும் மூன்று மூன்று விரல்களால் தட்டினால் எழுத்து விழும். கூகுள் இதை 2020-ல் கொண்டுவந்தது. ஐபோனில் 2014-லேயே வந்துவிட்டது. (சும்மா ஆன் செய்து பார்க்கலாம் என்று நினைப்பவர்கள், முதலில் டாக்பேக்கை எப்படி ஆஃப் செய்வது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆன் ஆனதும் போனைத் தொடும் முறையே மாறிவிடும்.)

புள்ளி ஐந்தாக இருக்கக் கூடாதா, எட்டாக இருக்கக் கூடாதா? ஆறு என்று முடிவு செய்தது எந்த மென்பொருள் நிறுவனமும் இல்லை. 1824-ல் பாரிஸில் படித்துக்கொண்டிருந்த, பார்வையற்ற 15 வயதுப் பையன். பெயர் லூயி பிரெய்ல்.

பட்டறையில் நடந்த விபத்து

பாரிஸுக்குக் கிழக்கே சுமார் 40 கி.மீ. தூரத்தில் உள்ள கூவ்ரே என்ற கிராமத்தில், 1809 ஜனவரி 4 அன்று லூயி பிறந்தார். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் செய்பவர். வீட்டோடு ஒட்டி பட்டறை. மூன்று வயதில், அப்பாவைப் போலவே தோலில் துளை போட முயன்றபோது கருவி நழுவி ஒரு கண்ணில் குத்திவிட்டது. காயத்தில் ஏற்பட்ட தொற்று மற்றொரு கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதுக்குள் பார்வை முழுவதும் போய்விட்டது. ஆன்டிபயாட்டிக் என்ற சொல்லே இல்லாத காலம் அது.

அன்றைய ஐரோப்பாவில், ஏழை வீட்டில் பார்வையற்ற பிள்ளை என்றால் பெரும்பாலும் பிச்சைதான் கதி. லூயியின் பெற்றோர் அதற்கு விடவில்லை. ஊர்ப் பாதிரியார் பாலுய் பாடம் சொல்லிக்கொடுத்தார், பிறகு மற்ற பிள்ளைகளோடு கிராமப் பள்ளியிலும் உட்கார்ந்தார். காதால் கேட்டே படித்தார், நன்றாகவும் படித்தார். ஆனால் மற்ற பிள்ளைகள் புத்தகத்தைத் திறக்கும்போது அவருக்கு வேலை இல்லை.

1819-ல், 10 வயதில், பாரிஸில் இருந்த பார்வையற்ற சிறுவர்களுக்கான அரச பள்ளியில் இடம் கிடைத்தது. கட்டடம் பழையது, ஈரம் கசியும் சுவர்கள். ஆனால் அங்கே புத்தகம் இருந்தது. பள்ளியை 1780-களில் தொடங்கிய வாலன்டின் அவுய், சாதாரண ரோமன் எழுத்துகளையே பெரிதாக, தாளில் புடைத்து நிற்கும்படி அச்சடிக்க வைத்திருந்தார். விரலால் தடவி, ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் ஊகித்துப் படிக்க வேண்டும்.

இதில் இரண்டு சிக்கல். ஒரு வாக்கியத்தின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துபோகும் அளவுக்கு வாசிப்பு மெதுவாக நகரும். அதைவிடப் பெரியது, இந்த முறையில் மாணவரால் எழுத முடியாது. அச்சு இயந்திரம் இல்லாமல் புடைத்த எழுத்தை எப்படி உருவாக்குவது? அதாவது படிக்கலாம், ஆனால் குறிப்பு எடுக்க முடியாது, கணக்குப் போட்டு வைக்க முடியாது, நண்பனுக்கு ஒரு வரி எழுத முடியாது. அந்த எழுத்துமுறையை உருவாக்கியவர்கள் எல்லோரும் பார்வையுள்ளவர்கள். கண்ணுக்கு அழகாக இருப்பது விரலுக்கும் வசதியாக இருக்கும் என்று அவர்கள் நம்பியதுதான் அடிப்படைக் கோளாறு.

பன்னிரண்டை ஆறாக்கிய பையன்

1821-ல் சார்ல் பார்பியே என்பவரின் புள்ளி எழுத்து பள்ளிக்கு அறிமுகமானது. நெப்போலியனின் வீரர்கள் இருட்டில் படிப்பதற்காகத்தான் இது உருவானது என்று ஒரு கதை பல இடங்களில் ஓடுகிறது. சுவாரசியமான கதைதான், ஆனால் நெப்போலியன் கேட்டதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பார்பியே வேகமாக எழுதும் முறைகளில் ஆர்வம் கொண்டவர், எளிய மக்களும் எழுதப் பழக வேண்டும் என்று விரும்பியவர்.

அவருடைய முறை இப்படி: ஆறுக்கு ஆறு கட்டத்தில் 36 ஒலிகள். ஓர் ஒலி நான்காவது வரிசையில் ஐந்தாவது இடத்தில் இருந்தால், இடது பக்கம் நான்கு புள்ளி, வலது பக்கம் ஐந்து புள்ளி. அதிகபட்சம் 12 புள்ளிகள். பெரிய லாபம் என்னவென்றால், கையில் ஒரு குத்தூசியும் வரிப் பள்ளமுள்ள பலகையும் இருந்தால் யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

மாணவர்கள் ஆசையாகப் பழகினார்கள். சீக்கிரமே குறைகளும் தெரிந்தன. ஒலிக்குத்தான் குறி என்பதால் சரியான ஸ்பெல்லிங் கிடையாது. நிறுத்தற்குறி, எண், இசைக்குறிப்பு எதற்கும் இடமில்லை. முக்கியமாக, ஆறு புள்ளி உயரத்தை ஒரு விரல்நுனி ஒரே தொடுதலில் பிடிக்க முடியாது. விரலை மேலும் கீழும் நகர்த்தி எண்ண வேண்டும்.

அடுத்த மூன்று ஆண்டுகள் லூயி இதையே நோண்டிக்கொண்டிருந்தார். 1824-க்குள் விடை வந்துவிட்டது. உயரத்தில் மூன்று, அகலத்தில் இரண்டு, மொத்தம் ஆறு புள்ளி. விரல்நுனிக்குள் கச்சிதமாக அடங்கும். எந்தப் புள்ளி எழும்பியிருக்கிறது, எது இல்லை என்பதை வைத்து 63 வடிவங்கள் கிடைக்கும். எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. தொட்டதும் வடிவம் புரியும்.

அடுக்கிய விதத்திலும் கெட்டிக்காரத்தனம் உண்டு. முதல் பத்து எழுத்துகள் மேலே உள்ள நான்கு புள்ளிகளுக்குள்ளேயே முடிந்துவிடும். அடுத்த பத்துக்கு அதே வடிவங்கள், கூடவே இடது அடிப்புள்ளி. அதற்கடுத்த வரிசைக்கு இரண்டு அடிப்புள்ளிகளும் சேரும். பத்தைக் கற்றுக்கொண்டால் மீதி கிட்டத்தட்ட இலவசம். எண்களுக்கும் அதே பத்து வடிவங்கள்தான், முன்னால் ஓர் எண் குறி போட்டால் போதும். ஆங்கிலத்தின் ‘டபிள்யூ’ மட்டும் இந்த வரிசையில் ஒட்டாமல் நிற்கும். அன்றைய பிரெஞ்சில் அதற்குப் பெரிதாக வேலை இல்லாததால் லூயி அதைச் சேர்க்கவில்லை, பின்னால்தான் இடம் கொடுத்தார்கள்.

எழுதும்போது மட்டும் ஒரு வேடிக்கை. ஊசி தாளின் ஒரு பக்கத்தில் குத்த, புள்ளி மறுபக்கம் புடைக்கும். அதனால் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுத வேண்டும். தாளைப் புரட்டினால் சரியாக இருக்கும். ஸ்லேட், ஸ்டைலஸ் என்ற பெயரில் இந்தக் கருவி இன்றும் பார்வையற்ற மாணவர்களின் பைகளில் இருக்கிறது. சார்ஜ் போட வேண்டியதில்லை.

1829-ல் தன் முறையைப் புத்தகமாக வெளியிட்டார். எழுத்தோடு இசைக்குறிப்புகளையும் இதே புள்ளிகளால் எழுதலாம் என்று அதில் காட்டியிருந்தார். அதே பள்ளியில் ஆசிரியரும் ஆனார், பாரிஸ் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தார். 1837-ல் திருத்திய பதிப்பு வந்தது. அதே ஆண்டு பள்ளி அச்சகத்திலிருந்து பிரான்ஸ் வரலாறு பற்றிய நூல் மூன்று தொகுதிகளாக பிரெய்லில் வெளியானது.

இதுவரை எல்லாம் சுமுகம்தான்.

தடை

1840-ல் பள்ளியின் இயக்குநர் பின்யியே வெளியேற்றப்பட்டார். அவர் லூயியின் முறைக்கு ஆதரவு தந்தவர். அந்த இடத்துக்கு வந்த துஃபோ, புள்ளி எழுத்து வேண்டாம், பார்வையுள்ளவர்கள் படிக்கும் அதே எழுத்துதான் பார்வையற்றவர்களுக்கும் வேண்டும் என்ற கட்சி. பிரெய்ல் தடை செய்யப்பட்டது. பழைய புத்தகங்கள் எரிக்கப்பட்டன.

துஃபோவின் வாதத்தை அப்படியே முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. தனி எழுத்து, பார்வையற்றவர்களைச் சமூகத்திலிருந்து பிரித்துவிடும் என்பது அன்று பலருக்கும் இருந்த பயம். ஆனால் அதற்குள் இன்னொரு விஷயமும் ஒளிந்திருந்தது: ஆசிரியர் கண்ணால் பார்த்துப் படிக்க முடியாத ஒன்றை மாணவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்கிறார்கள். படிக்கப்போகிறவர்களின் விரல் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை. மாணவர்கள் ரகசியமாகப் புள்ளி எழுத்தைத் தொடர்ந்தார்கள். அவர்களுக்கு அது கொள்கை விவகாரம் இல்லை, நோட்டுப்புத்தகம்.

பிரிந்துபோகும் பயத்துக்கு லூயியிடம் ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. 1839-லேயே, சாதாரண ரோமன் எழுத்தின் உருவத்தையே புள்ளிகளால் குத்தும் இன்னொரு முறையை உருவாக்கியிருந்தார். பார்வையற்றவர் எழுதினால் பார்வையுள்ளவர் கண்ணால் படிக்கலாம். பிரெய்லே தெரியாத வீட்டாருக்குக் கடிதம் எழுத இது போதும். ஒவ்வொரு எழுத்தையும் குத்திக் குத்தி முடிக்க நேரம் பிடித்ததால், அதே பள்ளியில் படித்த, பார்வையற்றவரான ஃபூக்கோ 1841-ல் அதற்கென விசைகள் கொண்ட ஓர் இயந்திரம் செய்தார். தட்டச்சு இயந்திரம் கடைகளுக்கு வர இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலம். எழுத்துருவைப் புள்ளி புள்ளியாகப் பதிக்கும் விதத்தில், நம் ரயில் டிக்கெட் கவுன்டர்களில் கறகறவென்று ஓடிய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்குத் தாத்தா என்றே சொல்லலாம். லூயியின் பெயரோடு இந்த இயந்திரம் அதிகம் பேசப்படாதது ஆச்சரியம்தான்.

தடை நீடிக்கவில்லை. துணைத் தலைவராக இருந்த குவாதே, மாணவர்கள் எதில் வேகமாகப் படிக்கிறார்கள் என்பதைக் கண்ணெதிரே பார்த்தவர். துஃபோவின் மனதை அவர்தான் மாற்றினார். 1844 பிப்ரவரியில் பள்ளியின் புதிய கட்டடம் திறக்கப்பட்டபோது, விருந்தினர்கள் முன்னால் பிரெய்ல் எழுத்து செய்துகாட்டப்பட்டது. குவாதே மேடையிலேயே லூயியின் கண்டுபிடிப்பைப் பாராட்டிப் பேசினார்.

லூயிக்கு அப்போது உடம்பு மிகவும் மோசம். 26 வயது வாக்கில் தொடங்கிய காசநோய் விட்டு விட்டு வந்து அவரை உருக்கிக்கொண்டிருந்தது. வகுப்பு எடுப்பதே சிரமமானது. 1852 ஜனவரி 6 அன்று, 43 வயது முடிந்து இரண்டே நாளில் இறந்தார். பிரெஞ்சுப் பள்ளி அவருடைய முறையை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854-ல். 1878-ல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடு அதற்கு ஆதரவளித்தது. அமெரிக்காவில் மட்டும் போட்டிப் புள்ளி முறைகளோடு இழுபறி பல பத்தாண்டுகள் ஓடியது.

கூவ்ரேயில் புதைக்கப்பட்ட அவர் உடல், நூறு ஆண்டுகள் கழித்து 1952-ல் பாரிஸின் பாந்தியனுக்கு மாற்றப்பட்டது. பிரான்ஸ் தன் பெரிய மனிதர்களை வைக்கும் இடம் அது. ஊர்க்காரர்கள் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய கைகள் இன்றும் கூவ்ரேயில்தான் இருக்கின்றன.

தமிழில் எப்படி?

இந்தியாவில் ஒரு காலத்தில் மொழிக்கொரு பிரெய்ல், ஊருக்கொரு பிரெய்ல் என்று இருந்தது. 1951-ல் ‘பாரதி பிரெய்ல்’ என்ற பொது முறை ஏற்கப்பட்டது. இதில் ஒரே ஒலிக்கு எல்லா இந்திய மொழிகளிலும் பெரும்பாலும் ஒரே வடிவம். தமிழின் ‘அ’வும் இந்தியின் ‘அ’வும் ஒரே ஒற்றைப் புள்ளிதான், அதுவே ஆங்கிலத்தின் ‘ஏ’. ‘கெ’ என்று எழுத கொம்பை முன்னால் போட வேண்டியதில்லை. முதலில் ‘க’, பிறகு உயிர்க்குறி, சொல்லும் வரிசைப்படியே வரும்.

வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளர் வரிசை எண்ணைத் தடவிப் பார்க்க வைத்திருப்பதும், பல லிஃப்ட் பொத்தான்களில் இருப்பதும் இந்தப் புள்ளிகள்தான். கம்ப்யூட்டரோடு இணைக்கும் பிரெய்ல் டிஸ்ப்ளேயில், திரையில் உள்ள வரிக்கு ஏற்ப சிறு ஊசிகள் எழும்பி இறங்கும். அவற்றில் பெரும்பாலும் ஒரு கட்டத்துக்கு எட்டுப் புள்ளிகள் இருக்கும். படிப்பதற்கு மேலே உள்ள ஆறு. கீழே கூடுதலாக உள்ள இரண்டும் கர்சர் எங்கே நிற்கிறது, எது பெரிய எழுத்து என்பதைக் காட்டுவதற்கு.