ஆசாரியர் ஜகதீச சந்திர போஸ்

வங்கம் நமக்குப் பிழைப்பளித்த நாடு மட்டுமன்று, அறிவளித்த நாடுமாகும். காவிரிக் கரையிலும் பொருநைக் கரையிலும் வேர்கொண்டு, ஹூக்ளிக் கரையில் கிளைவிட்ட நாம், இம்மண் ஈன்ற சான்றோரின் வரலாற்றை அறிதலும் நம் மக்களுக்கு எடுத்துரைத்தலும் நன்றிக் கடனாகும்.

இந்நகரில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1975ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 9ஆம் நாள் தொடங்கிற்று. வெளியிலே பரந்து வரும் எண்ணற்ற மின்னலைகளுள் வேண்டியதை மட்டும் தேர்ந்து பற்றுவது தொலைக்காட்சிப் பெட்டியினுள் அமைந்த டியூனர் என்னும் உறுப்பு. கண்ணுக்குப் புலனாகாத அலையை முதலில் உணர்ந்தாலன்றோ பின்னர் அதனைத் தேரவும் பெருக்கவும் இயலும்? அவ்வாறு உணரும் கருவியைச் செம்மைப்படுத்த, மேலை நாடுகளே தடுமாறிக் கொண்டிருந்த நாளில், இந்நகரின் கல்லூரி ஒன்றின் சிற்றறையிலிருந்து வழிகாட்டியவர் ஆசாரியர் ஜகதீச சந்திர போஸ்.

அவர் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் மைமன்சிங்கில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்க உயர் அலுவலர். பிரம்ம சமாஜத்தைச் சார்ந்தவர். ஆங்கிலப் பள்ளியே பெருமை என்றிருந்த காலத்தில், மகனைத் தாய்மொழிப் பள்ளிக்கு அனுப்பினார் அவர். ஏவலர் மகனும் மீனவர் மகனும் அருகிருக்கக் கற்ற அச்சிறுவனுக்கு, ஆற்றையும் மீனையும் செடியையும் பற்றிய ஆர்வம் அத்தோழர் வழியே முளைத்தது. தாய்மொழிக் கல்வி அறிவியலுக்குத் தடையென்பார் இவ்வரலாற்றைச் சிந்தித்தல் வேண்டும்.

பின்னர்க் கல்கத்தாவின் தூய சவேரியார் கல்லூரியில் பயின்றார். அங்கே லாஃபோன் பாதிரியார் இயற்பியலைச் செய்முறைகளால் விளக்கிக் கற்பித்தார். அப்பாதிரியாரே, மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்திற்குப் பெருந்துணையாயிருந்தவர். நம் தமிழகத்திலிருந்து 1907இல் இந்நகருக்கு அலுவல் நிமித்தம் வந்த சி. வி. இராமன் ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சி புரிந்ததும் அக்கழகத்திலேதான் என்பதை நாம் அறிவோம்.

போஸ் 1880இல் மருத்துவம் கற்க இங்கிலாந்து சென்றார். காய்ச்சல் விடாது வருத்தியமையால் அதனைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜ் சென்று, ராலே பிரபு போன்றாரிடம் இயற்கை விஞ்ஞானம் பயின்று தேறினார். 1885இல் தாயகம் திரும்பி மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார்.

அங்கே அவரை ஓர் இழிவு எதிர்நோக்கியிருந்தது. வெள்ளைப் பேராசிரியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரு பங்கே இந்தியருக்கு உரியது. நியமனம் தற்காலிகமாதலின் அதிலும் பாதியே அவருக்கு எனப்பட்டது. அவர் கூச்சலிடவில்லை, பணியைத் துறக்கவுமில்லை. நாள்தோறும் கடமையைச் செவ்வனே ஆற்றி, ஊதியத்தைத் தொடாதிருந்தார். மூன்று ஆண்டுகள் இந்நோன்பு நீடித்தது. தந்தையாரின் கடன்சுமையும் உடனிருந்து வருத்திற்று. 1887இல் அவரை மணந்த அபலா அம்மையார் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் சில காலம் பயின்றவர் என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி தருவதாகும். சந்தன்நகரில் குடியிருந்த கணவரை ஹூக்ளியின் அக்கரையில் விட்டுவிட்டு, அம்மையாரே படகைத் திருப்பிச் செலுத்தி வீடு சேர்வார் என்று வரலாறு எழுதியோர் குறிப்பர். இறுதியில் அரசாங்கம் பணிந்தது. முழு ஊதியமும் முன் தேதியிட்டு மொத்தமாக வழங்கப்பட்டது. அத்தொகை தந்தையாரின் கடனைத் தீர்க்கச் சென்றது.

1894இல் ஆராய்ச்சியே தம் வாழ்வென உறுதி பூண்டார். ஆய்வுக்கூடம் எனத் தக்கது எதுவும் கல்லூரியில் இல்லை. சிறிய அறையொன்றில், உள்ளூர்த் தகர வேலைக்காரரைப் பழக்கித் தம் கருவிகளைச் செய்வித்தார். ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் கண்ட மின்னலைகள் நெடியவை. அவற்றை ஆராயப் பேரிடமும் பெருங்கருவிகளும் வேண்டும். போஸோ, ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமுள்ள குற்றலைகளையே உண்டாக்கினார். அலை குறுகக் கருவியும் குறுகியது. ஒளியைப் போன்றே அவ்வலைகளும் மீளுதலையும் விலகுதலையும் மேசை மீதே அளந்து காட்ட முடிந்தது. அலையைத் திரட்டி வாங்கக் கொம்பு போன்ற உலோகப் புனல் ஒன்றை அவர் அமைத்தார். இன்று வீட்டுக் கூரைகளில் காணும் தொலைக்காட்சித் தட்டின் முன்னே நிற்கும் ஏற்பியின் வாயிலுள்ள புனல் அதன் வழித்தோன்றலே. 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில், சுவர்களையும் ஊடுருவிச் சென்ற அலையால் தொலைவிலிருந்தே மணியை ஒலிக்கவும் வெடிமருந்தை வெடிக்கவும் செய்து அவையோரை வியப்பில் ஆழ்த்தினார். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் நிலையத்தில் உரையாற்றியபொழுது, கல்கத்தாவில் செய்த கருவியை மேலை அறிஞர் கண்டு பாராட்டினர்.

அவர்தம் திறன் முழுதும் வெளிப்பட்டது அலையை உணரும் கருவியிலேதான். அந்நாளில் வழங்கியது கோஹிரர் என்னும் கண்ணாடிக் குழல். அதனுள் உலோகத் துகள்கள் இருக்கும். அலை பட்டதும் துகள்கள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்திற்கு வழிவிடும். ஆனால் ஒட்டியவை தாமே பிரியா. ஒவ்வொரு முறையும் குழலைத் தட்டிவிட வேண்டும். துகள்களின் போக்கும் ஒரு நிலையில் நில்லாது. போஸ் துகள்களை நீக்கி, நுண்ணிய எஃகுச் சுருள்களை வரிசையாக அடுக்கி, திருகினால் அவற்றின் அழுத்தத்தைத் திட்டப்படுத்தினார். பின்னர்ப் பாதரசத்தின் மீது மெல்லிய எண்ணெய்ப் படலம் பரப்பி, அதன்மேல் இரும்பு மெல்லத் தொடுமாறு அமைத்தார். அலை படும்பொழுது வழிவிட்டு, அலை நின்றதும் தானே பழைய நிலைக்கு மீளும் இக்கருவியை 1899இல் ராயல் சங்கத்திற்கு அறிவித்தார். தட்டுவாரின்றித் தொலைபேசிக் குழலிலேயே குறிகளைக் கேட்க இவ்வாறு வழி பிறந்தது.

1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் மாகடலைக் கடந்து வந்த குறியைக் கேட்டதும் பாதரசக் கோஹிரர் ஒன்றின் துணைகொண்டே. இத்தாலியக் கடற்படை நண்பர் வாயிலாக அவருக்குக் கிட்டிய அக்கருவி போஸின் கருவியின் வழிவந்தது என்று ஆராய்ச்சியாளர் சிலர் நிறுவ முற்பட்டுள்ளனர். இதில் கருத்து வேற்றுமையும் உண்டு. நாம் நடுநிலை தவறலாகாது. மாகடலைக் கடக்கும் தந்தித் தொழிலை எழுப்பிய பெருமை மார்க்கோனிக்கு உரியதே. அதற்கு வேண்டிய புலனுணர்வைக் கூர்மையாக்கிய பெருமை போஸுக்கு மறுக்கப்படலாகாது.

கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகத்தின் மீது கூர்முனை ஒன்றைத் தொடச் செய்து மற்றுமோர் ஏற்பியையும் அவர் படைத்தார். மின்னலையை மட்டுமன்றிக் கட்புலனாகும் ஒளியையும் அது உணர்ந்தது. 1901இல் விண்ணப்பித்த இதற்கு, 1904 மார்ச் 29ஆம் நாள் 755,840 என்னும் எண்ணுடன் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. டிரான்சிஸ்டரைக் கண்டவருள் ஒருவரான பிராட்டேன், படிகத்தை மின்னலை ஏற்பியாக முதலில் பயன்படுத்தியவர் போஸே எனப் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

அக்காப்புரிமையும் சகோதரி நிவேதிதை, புல் அம்மையார் ஆகியோரின் வற்புறுத்தலால் பெற்றதே. அறிவை விலைப்பொருளாக்குதல் அவருக்கு ஒவ்வாமையின், அதனால் பொருளீட்டாது காலாவதியாக விட்டுவிட்டார். இது நலமா என்று இன்றும் வினவுவோர் உளர். ஏற்பித் தொழில் பிற நாடுகளிலே தழைத்தது. நாம் நெடுங்காலம் அயல் நாட்டுப் பெட்டிகளை வாங்கினோம். உரிமையைப் பற்றியிருந்தால் மட்டும் அடிமை நாட்டில் ஆலைகள் எழுந்திருக்குமா என்பது ஐயமே. ஆயினும் அறிவைத் தொழிலாக்கும் பொறுப்பு அறிஞர் ஒருவருடையது மட்டுமன்று. அது சமுதாயம் முழுவதற்கும் உரியது. அவர் தம் பங்கை ஆற்றினார். குறை எஞ்சியிருப்பின் அது நம்முடையதே.

ஏற்பிகள் இடைவிடாது உழைத்தால் சோர்வதையும், ஓய்ந்தால் தெளிவதையும் கண்டு, உயிருக்கும் உயிரிலிக்கும் உள்ள ஒப்புமையை ஆராயப் புகுந்தார். அவ்வழியே தாவரங்களின் உணர்ச்சியை நாடிச் சென்று, அவற்றின் நுண்ணிய வளர்ச்சியைப் பன்மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃபை இயற்றினார். எதிர்ப்பும் ஐயமும் அவரைத் தொடர்ந்தன. 1920இல் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1917இல் தம் பிறந்த நாளன்று போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்து, அதன் கண்டுபிடிப்புகள் அனைவர்க்கும் உரியனவென நாட்டுக்கே அர்ப்பணித்தார். 1937 நவம்பர் 23ஆம் நாள் கிரிதியில் மறைந்தார்.

இந்நகரில் வாழும் நம் இளைஞர் ஆசாரிய பிரபுல்ல சந்திரர் சாலை வழியே செல்லும்பொழுது அந்நிலையத்தின் முன் சற்றே நின்று நோக்குக. செல்வமும் கருவியும் சேர்ந்த பின்னரே செயலாற்றுவோம் என்று காத்திருப்போர்க்கு, தகரமும் பாதரசமும் கொண்டு அவர் ஆற்றிய பணி விடையாக நிற்கிறது. வாழ்க ஆசாரியர் போஸின் புகழ்! வளர்க வங்கமும் தமிழும் கொண்ட நட்பு!