தமிழில் டாக்டர்களை உருவாக்கிய அமெரிக்கர்

யாழ்ப்பாண நகரத்துக்கு அருகே மானிப்பாய் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன்பு, அங்கே ஓர் அதிசயமான வைத்தியப் பள்ளி நடந்தது.

மாணவர்கள் தமிழர்கள். கற்றது மேல்நாட்டு வைத்தியம். கற்ற மொழி தமிழ்! கற்றுக்கொடுத்தவரோ அமெரிக்கர். அவர்தான் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள உஸ்டர் நகரில் கிறீன் பிறந்தார். தகப்பனார் வக்கீல். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். அண்ணன் ஆண்ட்ரூ கிறீன் பிற்காலத்தில் நியூயார்க் நகரத்தைப் பெருநகரமாக்கிப் பெரும் புகழ் பெற்றார். தம்பி போன வழியே வேறு. 1845-ல் நியூயார்க்கில் வைத்தியப் பட்டம் பெற்றார். இரண்டே ஆண்டுகளில் கப்பல் ஏறிவிட்டார். 1847-ல் மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 25 கூட முழுதாக ஆகியிருக்கவில்லை.

முதலில் வட்டுக்கோட்டை. அடுத்த ஆண்டு மானிப்பாய்.

ஒருவர் போதுமா?

காலராவும் அம்மையும் ஊர் ஊராக வந்துபோன காலம் அது. நாட்டு வைத்தியரை யாழ்ப்பாணத்தில் பரியாரி என்பார்கள். பல நோய்களுக்குப் பரியாரியிடம் நல்ல மருந்து இருந்தது. ஆனால் உடைந்து நொறுங்கிய காலை எடுக்கவேண்டும் என்றாலோ, வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தாலோ, குடும்பமே கலங்கிப் போகும். கிறீன் தமிழ் கற்றார். வந்தவர்களுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தார்.

எத்தனை பேருக்குப் பார்க்க முடியும்? ஒரு டாக்டருக்கு இரண்டு கைகள்தானே! அந்த ஊர் இளைஞர்களையே டாக்டர்களாக்கினால் என்ன என்று நினைத்தார். 1848-லேயே சில மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, ஆங்கிலத்தில் பாடம் தொடங்கினார்.

உடலின் அமைப்பு, உறுப்புகளின் வேலை, மருந்துச் சரக்கு, அறுவை, பிரசவம் எல்லாம் பாடங்கள். புத்தகத்தோடு படிப்பு முடியவில்லை. நோயாளியின் பக்கத்தில் நின்று கற்கவேண்டும். என்ன செய்கிறது, எத்தனை நாளாய் என்று கேட்டறியவேண்டும். புண்ணைக் கழுவிக் கட்டவேண்டும். மருந்தை அளவு தவறாமல் கலக்கவேண்டும். 1850-ல் யாழ்ப்பாண நகரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி தோன்றியது. கிறீன் அதன் வைத்தியப் பொறுப்பையும் ஏற்றார். இன்றைய யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வேர் அதுதான்.

படித்தவர்கள் போய்விட்டார்கள்

மாணவர்கள் தேறினார்கள். பிறகு என்ன நடந்தது? ஆங்கிலம் தெரிந்த டாக்டருக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. நல்ல சம்பளம். பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியூர் போனார்கள். கிராமத்து நோயாளி முன்பு இருந்த இடத்திலேயே இருந்தார். மாணவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்கும் குடும்பம் இருந்தது.

கிறீன் யோசித்தார். தமிழிலேயே கற்றவர், தமிழர் நடுவிலேயே தங்குவார் என்று முடிவு செய்தார். ஆங்கிலம் படித்தால்தான் உத்தியோகம் என்றிருந்த நாளில், இது துணிச்சலான முடிவு.

உடல்நலம் கெட்டு அமெரிக்கா போயிருந்த கிறீன், 1862-ல் மணம் முடித்து மனைவி மார்கரெட்டுடன் திரும்பி வந்தார். 1864-ல் தமிழ் வகுப்பு தொடங்கியது. மாணவர்கள் தமிழர் உடையிலும் தமிழர் உணவிலும் இருப்பதையே அவர் விரும்பினார். டாக்டர் ஆனதும் கால்சட்டைக்கு மாறவேண்டியதில்லை என்பது அவர் எண்ணம்.

சொல் தேடிய கதை

வகுப்பு தொடங்கினால் போதுமா? புத்தகம் வேண்டுமே! எலும்புக்கும் நரம்புக்கும் தமிழில் பெயர் உண்டு. ஆனால் மேல்நாட்டு வைத்திய நூலில் ஆயிரக்கணக்கான சொற்கள். கிறீன் ஒரு முறை வகுத்துக்கொண்டார். முதலில் தமிழில் தேடவேண்டும். அங்கே இல்லாவிட்டால் வடமொழி. அதிலும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளவேண்டும்.

1852-லேயே உடலமைப்பைப் பற்றிய கட்டர் என்பவரின் நூல் தமிழில் வந்துவிட்டது. 1857-ல் பிரசவ வைத்தியம். 1867-ல் அறுவைச் சிகிச்சையைச் சொல்லும் இரண வைத்தியம். 1872-ல் இரண்டு பெரிய நூல்கள்: வைத்தியாகரம், மனுஷ அங்காதிபாதம். இரண்டாவது நூல், உலகமெங்கும் டாக்டருக்குப் படிப்பவர்கள் கற்ற கிரேயின் உடற்கூற்று நூல். புலவர்கள் பாடும் பாதாதிகேசத்தின் ஓசை அந்தத் தமிழ்ப் பெயரில் கேட்கிறதல்லவா? 1875-ல் வந்த ரசாயன நூலின் பெயர்தான் வேடிக்கை. கெமிஸ்தம்! மூன்றாவது வழியில் பிறந்த சொல் அது.

எல்லாம் சேர்ந்து 4,000 பக்கங்களுக்கு மேல். கிறீன் தனியாகச் செய்த வேலை அல்ல இது. மொழிபெயர்ப்பில் அவருடைய மாணவர்களே தோள் கொடுத்தார்கள். சாப்மன், டான்வர்த் என்ற பெயர்களைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் தமிழ்ப் பிள்ளைகள். மிஷன் பள்ளியில் கிடைத்த பெயர்கள் அவை.

இப்படி 60-க்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் படித்து வைத்தியர்களானார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் தமிழிலேயே படித்தவர்கள்.

கடல் கடந்தும் தமிழ்

1873-ல் கிறீன் குடும்பத்தோடு தாய்நாடு திரும்பினார். உடல் தளர்ந்துவிட்டது. ஆனாலும் வேலையை விடவில்லை. உஸ்டரில், தமிழ் பேச அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாத ஊரில், தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். உறுப்புகளின் இயக்கத்தை விளக்கும் மனுஷ சுகரணம் 1883-ல் அச்சாகி வந்தது.

அடுத்த ஆண்டு, 1884 மே 28-ந் தேதி, 61-வது வயதில் கிறீன் காலமானார். உஸ்டரில் உள்ள அவர் கல்லறையில் தமிழரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. தமிழருக்கு வைத்தியத் தொண்டு செய்தவர் என்று அந்தக் கல் சொல்கிறது. அவர் கடைசியாகக் கையில் வைத்திருந்த வேலை, இந்திய மருந்துச் சரக்குகளைப் பற்றிய ஒரு நூல். அவர் மறைந்த பிறகே அது வெளிவந்தது.

மானிப்பாய் ஆஸ்பத்திரிக்கு இன்று அவர் பெயர்தான்.