சாக்கோய்க்குப் பின்னால் ஒரு தளபதி

ஜொகூரின் இரவுச் சந்தைகளில் சாக்கோய் பொரிக்கும் கடையைப் பார்த்திருப்பீர்கள். மாவைக் கீற்றுகளாக வெட்டி, இரண்டிரண்டாக ஒட்டிக் கொதிக்கும் எண்ணெய்யில் போடுவார்கள். உப்பிப் பொன்னிறமானதும் சுடச்சுட எடுத்துக் கோப்பி ஓவில் தோய்த்துச் சாப்பிட எனக்கு மிகவும் பிடிக்கும். ஏன் இரண்டு கீற்றுகளை ஒட்டுகிறார்கள் என்று தேடியபோதுதான் யுவே ஃபெய் என்ற சீனத் தளபதியைப் பற்றி அறிந்தேன்.

யுவே ஃபெய் 1103-ஆம் ஆண்டு, இன்றைய ஹெனான் மாநிலத்தின் தாங்யின் என்ற ஊரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். வில்வித்தையும் போர் நூல்களும் கற்றுப் படையில் சேர்ந்தார். நாட்டுக்கு உண்மையாக உழைப்பதைக் குறிக்கும் நான்கு சீன எழுத்துகள் அவர் முதுகில் பச்சை குத்தப்பட்டிருந்தன. குத்தியவர் அவருடைய தாய் என்பது மக்கள் வழக்கு.

1127-இல் வடக்கிலிருந்து வந்த ஜின் படை, சோங் அரசின் தலைநகரான கைஃபெங்கிலிருந்து பேரரசரையும் அவர் தந்தையையும் சிறைபிடித்துச் சென்றது. பேரரசரின் தம்பி காவ்சோங் தெற்கே ஆட்சியைத் தொடர்ந்தார். இழந்த நிலத்தை மீட்பதே யுவே ஃபெய்யின் வாழ்நாள் கடமையானது. 1134-இல் சியாங்யாங்கை மீட்டார். பசித்தாலும் மக்களிடம் கொள்ளையடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கு அவர் படை பெயர் பெற்றது. 1140-இல் யான்செங்கில் ஜின் குதிரைப்படையை வென்று கைஃபெங்கை நெருங்கினார்.

அந்த நேரத்தில் பின்வாங்கும்படி அரசாணை வந்தது. முதலமைச்சர் சின் ஹுய் எதிரியுடன் சமாதானம் பேச விரும்பினார். யுவே ஃபெய் ஆணைக்குக் கட்டுப்பட்டுத் திரும்பினார். ஆனால், அவர்மீதே துரோகக் குற்றம் சுமத்தப்பட்டது. ஹான் ஷிசோங் என்ற மற்றொரு தளபதி ஆதாரம் கேட்டபோது, சின் ஹுய்யால் தெளிவான பதில் சொல்ல முடியவில்லை. இருந்தும், 1142 ஜனவரியில் யுவே ஃபெய் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. மகன் யுவே யுன்னுக்கும் அதே முடிவுதான்.

கோபம் கொண்ட மக்கள் சின் ஹுய்யையும் அவர் மனைவியையும் மாவில் செய்து, முதுகோடு முதுகு ஒட்டி எண்ணெய்யில் பொரித்தார்களாம். இதற்கு வரலாற்றுச் சான்று இல்லை, செவிவழிக் கதைதான். கண்டோனிய மொழியில் இதன் பெயர் எண்ணெய்யில் பொரித்த பேய் என்று பொருள்படும். ஹொக்கியன் பேசுவோர் யூ சார் குவே என்கிறார்கள். குவே என்றால் பலகாரம். நம் ஊர்ப் பெயரில் பழைய வெறுப்பு மறைந்து, ருசி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

1162-இல் அடுத்த பேரரசர் சியாவ்சோங் யுவே ஃபெய்யின் பழியைத் துடைத்தார். ஹாங்சோவில் உள்ள அவர் கல்லறை முன் சின் ஹுய், அவர் மனைவி, உடந்தையான இருவர் என நான்கு இரும்புச் சிலைகள் மண்டியிட்டிருக்கின்றன. அங்கே காவ்சோங்கின் சிலை இல்லை.

அதுதான் என்னை யோசிக்க வைத்தது. பேரரசர் சம்மதிக்காமல் இப்படியொரு தளபதியைக் கொல்ல முடியுமா? போரில் வென்றால் சிறையிலிருக்கும் அண்ணன் திரும்பிவந்து அரியணை கேட்பார் என்ற அச்சம் அவருக்கு இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். சிலப்பதிகாரத்தில் தவறான தீர்ப்பு சொன்ன பாண்டிய மன்னன், உண்மை தெரிந்ததும் அந்த இடத்திலேயே உயிர் விட்டான். காவ்சோங்கோ 1187 வரை நிம்மதியாக வாழ்ந்தார். அரசரைக் குற்றம் சொல்லத் துணியாத மக்கள் அமைச்சரைப் பொரித்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஓர் அநீதியைப் படிக்கும்போது, மண்டியிட்டிருப்பவர் யார் என்பதோடு, அங்கே இல்லாதவர் யார் என்றும் நாம் கேட்க வேண்டும்.